அனெக்ஸுக்குக் கீழே ஓடை

“வைரவரில கை வைச்சவன் ஒருத்தனும் உருப்பட்டதில்லை. அதை உங்கட ஒஃபிசில போய்ச் சொல்லும் பிள்ளை.”

“வைரவர யாரும் தொட வரல்ல ஆன்ட்டி. அவருக்குப் பின்னுக்கு நிக்கிற அனெக்ஸப் பத்தித்தான் இவ்வளவு நேரமும் பேசுறோம்.”

“அனெக்ஸ் என்ர மகளுக்குக் கட்டினது. அதை ஓடைக் காணியில கட்டினனாங்கள் எண்டு சொல்லுறீர். அப்ப எல்லைக் கல் எங்கை? கல்லைக் காட்டும். கிண்டிப் பாக்க நானே அலவாங்கு எடுத்துத் தாறன்.”

பக்கத்து மதிலுக்கு மேலால் மக்கீனின் தலை தெரிந்தது. பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்றிருந்தார். “அக்கா, நீங்க ஆறுதலாக் கல்லத் தேடுங்க. அதுவரைக்கும் நாங்க ஊட்டுக்குள்ள மீன் புடிச்சிட்டு ஈக்கிறோம்,” என்றார்.

“நீங்கள் கதையாதேங்கோ மக்கீன் நானா. உங்கட பாத்ரூம் எங்கை நிக்குதெண்டு எனக்குத் தெரியும்,” என்றார் சரோஜினிதேவி.

மக்கீன் சரோஜினிதேவியை அக்கா என்பார். சரோஜினிதேவி மக்கீனை, அண்ணா என்ற கணக்கில், நானா என்பார். வயதை மற்றவர் தலையில் கட்டிவிட்டு இருபது வருடமாக இரண்டு பேரும் இளமையாக இருந்தார்கள். சண்டை எங்கள் மூன்றாம் மாடிக் குசினி யன்னலுக்கு நேர் கீழே நடந்தது. நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரே கத்தரிக்காயை முக்கால் மணித்தியாலம் வெட்டினேன்.

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. யாரோ எப்போதோ அதை நேராக்கி, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே கொங்கிரீட் மூடி போட்டுவிட்டார்கள். மூடி கிடந்தால் எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? ஒருவர் அதன்மேல் கோழிக்கூடு வைத்தார். ஒருவர் உடுப்புக் காயப்போட்டார். எங்கள் ஃபிளாட்டைக் கட்டியவர் கார் நிறுத்த இடம் என்று எங்களுக்கே விற்றார். சரோஜினிதேவி, எட்டு வருடத்துக்கு முன், இரண்டு அறையும் குசினியும் உள்ள ஓர் அனெக்ஸ் கட்டினார். அதற்குக் கீழே ஓடை ஒரு குழாய்க்குள் நுழைந்து, ஒரு ஆள் குனிந்து போகக்கூடிய அகலத்தில், பெரிய கால்வாயைத் தேடிப் போனது.

மழை பெய்தால் அந்தக் குழாய் போதாது. மிச்சத் தண்ணீர் மக்கீன் வீட்டுக்குள் போகும். அவருடைய வளவு பள்ளம். வருடத்துக்கு இரண்டு தரம் அவர் வீட்டு மெத்தைகள் ஒழுங்கை மதிலில் காய்வதைப் பார்த்துத்தான் மழைக்காலம் முடிந்துவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

இப்போது கால்வாய்த் திட்டக்காரர் வந்து, மூடியைக் கழற்றி, சுவரை உடைத்து, கரையைச் சரிவாக்கி, ஓடையை அது முந்தி வளைந்த இடத்தில் வளைந்தே போகவிடப் போகிறோம் என்றார்கள். அன்று கீழே சரோஜினிதேவியோடு வாதாடிய அவர்களுடைய இன்ஜினியர் டெனிஷா கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் முழங்கால் வரை சப்பாத்து. தண்ணீருக்கு வளைய இடம் கொடுத்தால் அவசரப்படாது, அவசரப்படாத தண்ணீர் வீட்டுக்குள் வராது என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். மேல்பக்கம் மக்கீன் வளவு வரை திறந்தாயிற்று. கீழ்ப்பக்கம் பெரிய கால்வாயிலிருந்து சரோஜினிதேவியின் பின்மதில் வரை திறந்தாயிற்று. நடுவில் அவருடைய முப்பது அடி மட்டும் மூடிக் கிடந்தது.

அவர் விடமாட்டேன் என்றதற்குக் காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். மகள் சுபோதினிக்கு முப்பத்தொரு வயது. தெகிவளைச் சாரங்கனுக்குப் பேசி, கார்த்திகையில் முகூர்த்தம் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் கேட்டது ஒன்றே ஒன்று, வெள்ளவத்தையில் தனி வாசலுள்ள ஒரு வீடு. அதற்கு அனெக்ஸைக் காட்டியிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நொத்தாரிசிடம் போய் மகள் பெயருக்குச் சீதன உறுதிப் பத்திரம் எழுதுவதாக ஏற்பாடு. அனெக்ஸ் இல்லையென்றால் கலியாணம் இல்லை. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியில் உரத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு உண்டு.

‘கல்லைக் காட்டு’ என்று அவர் துணிந்து சொன்னதற்கும் காரணம் இருந்தது. பழைய வரைபடத்தின்படி ஓடையின் எல்லைக்கு ஐந்து கல் நட்டிருந்தார்கள். கல் இல்லாமல் எல்லையைச் சாதிக்க முடியாது, வழக்கு வருடக் கணக்கில் இழுபடும். இந்த ஒழுங்கையில் கல் எங்கே மிஞ்சும்? ஒன்று உடுப்புத் தோய்க்கிற கல்லாகிவிட்டது. ஒன்று மக்கீனின் பாத்ரூமுக்குக் கீழே. ஒன்றைப் பற்றி எங்கள் ஃபிளாட்டில் நாங்கள் கதைப்பதில்லை.

இரண்டு நாள் கழித்து டெனிஷா காணி அளக்கிற ஒரு சேவையரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிங்கள மனிதர், ஓய்வுபெறுகிற வயது, நெற்றியில் வியர்வை. அன்று செவ்வாய்க்கிழமை. சரோஜினிதேவி தயாராக நின்றார். இந்த இடம் தெய்வம் குடியிருக்கிற இடம், உங்கள் வரைபடத்துக்கு முந்தியது என்று காட்ட, அவர்களுக்கு முன்னாலேயே வைரவருக்கு அபிஷேகம் செய்யப்போகிறாராம்.

அந்த வைரவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அனெக்ஸுக்கு அத்திவாரம் வெட்டியபோது, வளவின் மூலையில் இரண்டு சாண் உயரத்தில் ஒரு கருங்கல் நிமிர்ந்து நின்றது. நாலு பக்கமும் சீராக, தலை கொஞ்சம் வட்டமாக. யாழ்ப்பாணத்தில் வளவு மூலையில் காவலுக்கு வைரவர் இல்லாத வீட்டில் சரோஜினிதேவி இருந்ததில்லை. தானாக எழுந்தருளியிருக்கிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு சூலம் நட்டு, கல்லுக்குச் சந்தனம் சாத்தினார். எட்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் வடைமாலை. மேலுக்கு மேல் சாத்திய சந்தனமும் மஞ்சளும் ஒரு விரல் தடிப்புக்கு ஏறிவிட்டது. வடை நல்ல வடை. மக்கீன் வீட்டுக்குக்கூட மதிலுக்கு மேலால் போகும். அவர்கள் வாங்கி எங்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆகவே எனக்கு இரட்டைப் பங்கு.

அன்று சரோஜினிதேவி பாலை ஊற்றினார். பிறகு மஞ்சள் தண்ணீர். பிறகு ஒரு வாளி வெந்நீர். அவர்கள் பார்க்கட்டும் என்று தேங்காய்த் தும்பால் நன்றாகத் தேய்த்தார். எட்டு வருடச் சந்தனம் கட்டிகட்டியாக விழுந்தது.

சேவையர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கைகூப்பிக் குனிந்தார். தெய்வம் என்றால் அவர்களும் எங்களைவிடக் குறைந்த ஆட்கள் இல்லை. குனிந்தவர் நிமிரவில்லை. கூப்பிய கையை எடுக்காமலே டெனிஷாவை மெதுவாகக் கூப்பிட்டார். அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். கல்லின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அதற்குக் கீழே, எல்லைக் கல்லில் வெட்டுகிற மாதிரி, மூன்று என்ற இலக்கம்.

மக்கீன் கதிரையில் நுனிக்காலில் எம்பிப் பார்த்தார். மற்றக் கல்லெல்லாம் போய்விட்ட ஒழுங்கையில், கும்பிட்ட ஒரே காரணத்தால், இந்த ஒன்று மட்டும் ஒரு அங்குலம் அசையாமல் நின்றிருக்கிறது. ஒழுங்கை முனையில் பழைய மதகு ஒன்று இருந்தது. மதகிலிருந்து இந்தக் கல்லுக்கு நாடா பிடித்தால் போதும், மிச்சம் நாலும் தன்னால் வந்துவிடும் என்று சேவையர் சொன்னார். பிடித்தார்கள். கோடு அனெக்ஸின் படுக்கையறை நடுவாலும், மக்கீனின் பாத்ரூமாலும், மூடியைக் கழற்றிய பிறகு கரையோரம் ஒதுக்கி நிறுத்தியிருந்த எங்கள் கார்களுக்குக் கீழாலும் போயிற்று.

சரோஜினிதேவி கணவரின் பக்கம் திரும்பினார். சிவானந்தன் ஓய்வுபெற்ற படவரைஞர். முப்பது வருடம் காணி வரைபடம் கீறியவர். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களுக்கு முதலே தெரியுமா?”

“நீர் கும்பிடுற பொருளை நான் எப்பிடியப்பா கல்லெண்டு சொல்லுறது,” என்றார் சிவானந்தன்.

அன்று இரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அடுத்த நாள் காலை சரோஜினிதேவி ஒரு முடிவோடு வெளியே வந்தார். கல் இருக்கட்டும், கோடு இருக்கட்டும். வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் மதிலைத் தொடக்கூடாது என்று டெனிஷாவுக்கு மேலிடத்து உத்தரவு இருக்கிறது. வளவு சரோஜினிதேவியின் தாய் கொடுத்த சீதனம். உறுதி அவர் பெயரில். சிவானந்தன் விரும்பினாலும் கையெழுத்துப் போட முடியாது. வெள்ளிக்கிழமை உறுதி எழுதி, கார்த்திகையில் தாலி ஏறும்வரை பேனை தொடுவதில்லை. சம்பந்தி வீட்டுக்கு ஒரு சொல்லும் போகக்கூடாது. எங்கள் எல்லாரிடமும் வந்து தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இரண்டு தரம் சொன்னார். ஏனென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் சாரங்கனின் தாய் யன்னல் சீலைக்கு அளவெடுக்க அனெக்ஸுக்கு வந்தார். மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மூன்றரைக்கு மழை, ஒக்டோபர் மாதப் பின்னேர மழை, எதிர்வீட்டுக் கூரை தெரியாத மழை. மேல்பக்கம் எல்லாம் திறந்து கிடந்ததால் ஓடை தண்ணீரைத் தாராளமாகக் கொண்டுவந்து, சரோஜினிதேவியின் குழாய் வாசலில் கொட்டியது. குழாய் பழைய குழாய்தான்.

நான் குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கள் கார் நிறுத்துமிடத்திலிருந்து அவர்கள் வளவுக்கு ஒரு சின்னப் படலை உண்டு. உதவி தேவைப்பட்டால் செய்யலாம் என்றுதான்.

டெனிஷா பின்மதிலுக்கு வெளியே, சம்மதக் கையெழுத்துக்கான கோப்பைப் பொலித்தீன் உறையில் சுற்றிக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றாள். மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் ஒன்று கரையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓட்டுகிறவன் கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்தான், அவள் வீட்டைப் பார்த்தாள். மக்கீன் வீட்டுப் பக்கம் தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவருடைய மகள் ரிஸ்லா இருந்தாள். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள், வயிற்றை வெட்டி எடுத்த பிள்ளை. நாற்பது நாள் கழியும்வரை தாய்வீட்டுக் கீழறையில் படுத்திருந்தாள். அவர்கள் வீட்டுக்கு மேல்மாடி கிடையாது.

“தண்ணி முழங்காலுக்கு வந்திட்டு,” என்று மதிலுக்கு அங்கால் மக்கீன் சொன்னது கேட்டது. “ஒழுங்கையில இடுப்பளவு ஈக்கிது. புள்ளயத் தூக்கிட்டு வெளியில போக ஏலாது. கையெழுத்த வெச்சிடுங்க அக்கா.”

சரோஜினிதேவி அனெக்ஸ் வாசலில் நின்றார். உள்ளே சம்பந்தியம்மா அளவு நாடாவோடு யன்னலடியில் நின்றார். யார் என்ன கையெழுத்து கேட்கிறார்கள் என்று அவர் விசாரித்தார். மழை நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஏதேதோ கதைப்பார் என்று சரோஜினிதேவி சொன்னார்.

அப்போதுதான் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. ‘டக்’ என்று. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டக்’. படுக்கையறை நடுவில் ஒரு டைல்ஸ் மெல்ல எழும்பி ஒரு பக்கம் சாய்ந்தது. கீழேயிருந்து சேற்றுத் தண்ணீர் ஊறி வந்தது. வரைபடத்தில் ஓடையின் பழைய வளைவு இருந்த இடம் அது. சம்பந்தியம்மா சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலில் ஏறினார்.

சரோஜினிதேவி அதைப் பார்த்துக்கொண்டே அசையாமல் நின்றார். சுபோதினி அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். அந்தப் பிள்ளை அதிகம் கதைக்காது.

“அம்மா, ரிஸ்லா மேசைக்கு மேல இருக்கிறாள். அவளுக்கு மதில் ஏறேலாது.”

“நாளைக்கு உறுதி எழுதினாப்பிறகு மற்றது பாப்பம். ஒரு நாள். ஒரே ஒரு நாள்தான் கேக்கிறன்.”

“தண்ணியிட்டைக் கேளுங்கோ.”

மதிலுக்கு மேலால் இரண்டு கைகள் வந்தன. கையில் பூப்போட்ட துவாய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். மக்கீன் கதிரையில் நின்றிருக்க வேண்டும். கதிரை ஆடியிருக்க வேண்டும், ஏனென்றால் பொட்டலமும் ஆடியது. அதற்குக் கிட்ட நின்றது சரோஜினிதேவிதான். நான் குடையோடு இரண்டடி தள்ளி நின்றேன். அவர் ஓடிப்போய்க் கைகளை நீட்டினார். மக்கீன் பிள்ளையை விட்டார். பிறகு அவருடைய கைகள் மதிலைவிட்டுக் கீழே போய்விட்டன. கதிரை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவர் ரிஸ்லாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மட்டும்.

பிள்ளை அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைச் சப்பியது. சரோஜினிதேவி அதைத் தோளில் போட்டுச் சேலைத் தலைப்பால் மூடினார். அனெக்ஸைப் பார்த்தார். சுவர் புதிதாகப் பூசிய வெளிர்மஞ்சள். கட்டிலுக்கு மேல் சம்பந்தியம்மா. நான் எண்ணவில்லை, ஆனால் பத்துத் தரமாவது மூச்சு விட்டிருப்பார்.

பிறகு பின்மதிலடிக்கு நடந்தார். டெனிஷா நீட்டிய கோப்பை வாங்கவில்லை, கையில் பிள்ளை. பெக்கோக்காரனைப் பார்த்து, கடைக்காரரிடம் கருவாடு கேட்கப் படித்த சிங்களத்தில், “கடன்ன மல்லி. கடன்ன,” என்றார். ‘உடை தம்பி, உடை’ என்று அர்த்தம். கையெழுத்தை நனைந்த கோப்பில் பிறகு போட்டார், பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு. அந்த எழுத்தை எந்த நொத்தாரிசும் ஏற்றுக்கொள்ளமாட்டார்.

சிவானந்தனும் நானுமாகச் சம்பந்தியம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கி வெளியே கொண்டுவந்தோம். பெக்கோவின் கை இறங்கியது. முதலில் மதில் போயிற்று. பிறகு அனெக்ஸின் பின்சுவர், அளவெடுத்த யன்னலோடு. பிறகு கீழே இருந்த கொங்கிரீட் மூடியையும் குழாயையும் அது கொத்திப் புரட்டியது. தண்ணீர் ஒரு நிமிடம் யோசித்தது போல நின்றது. பிறகு படுக்கையறைக்குள்ளால் வளைந்து, கட்டிலையும் கொண்டு, கீழ்ப்பக்கம் போயிற்று. மக்கீன் வீட்டு இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சிவானந்தன் மதிலில் ஏறி எட்டிப் பார்த்து, ரிஸ்லா மேசையில் இருக்கிறாள், தண்ணீர் வடிகிறது என்று சொன்னார். எட்டு வருடத்தில் அவர் அந்த வளவில் அவ்வளவு உரத்துப் பேசி நான் கேட்டதில்லை.

ஒழுங்கையில் தண்ணீர் வடிந்ததும் சம்பந்தியம்மா என் குடையை வாங்கிக்கொண்டு போய் ஓட்டோவில் ஏறினார். குடை இன்னும் வரவில்லை. மூன்றாம் நாள் தெகிவளையிலிருந்து அழைப்பு வந்தது. பொருத்தத்தை இன்னொருக்கால் பார்க்கச் சொல்கிறார்களாம். சரோஜினிதேவி அதை மட்டும் மெதுவாகப் பேசினார். ஆனாலும் பிறகு முன்வாசலில் இருந்து அழுதது ஒழுங்கைக்கே தெரிந்தது. மக்கீனின் மனைவி போய்ப் பக்கத்தில் இருந்தார். அடுத்த வாரம் மக்கீன் ஆள் பிடித்துத் தன் பாத்ரூமைத் தானே இடிப்பித்தார். எங்கள் ஃபிளாட்டில் மூன்று கூட்டம் போட்டு, நாலாம் கூட்டத்தில் கார்களை வெளியே எடுத்தோம்.

ஒரு சனிக்கிழமை சாரங்கன் தனியாக வந்தான். தாயோடு வந்த நாட்களில் அவன் வாய் திறந்ததை நான் பார்த்ததில்லை. சுபோதினியும் அவனும் பாதி அனெக்ஸின் விளிம்பில், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார்கள். கீழே ஓடை, கல்லுக்கல்லாய்ப் போட்ட கரையில் இடித்துக்கொண்டு போனது. மூடிக்குள் கிடந்த காலத்தில் அது ஒரு சத்தமும் போட்டதில்லை. இப்போது நாள் முழுக்கச் சளசளக்கிறது. யன்னலை முழுதாகத் திறந்தும் ஒரு சொல் கேட்கவில்லை. இந்தத் திட்டத்தால் எனக்கு நேர்ந்த பெரிய நட்டம் அதுதான்.

கார்த்திகை முகூர்த்தம் போய்விட்டது. மார்கழியில் ரிஸ்லா பிள்ளையோடு பேருவளைக்கு, கணவன் வீட்டுக்குப் போனாள். மக்கீன் வீட்டை விற்கப்போகிறார் என்றார்கள். மெத்தை நனையாத வீட்டுக்கு இப்போது நல்ல கிராக்கி. ஆனால் போகவில்லை, தெகிவளைக்குப் போனது அடுத்த ஒழுங்கையில் இருந்த அவருடைய தம்பி குடும்பம் மட்டும். டெனிஷாவுக்கு ஒருகொடவத்தைப் பக்கம் வேலை மாறிவிட்டது. அங்கும் ஏதோ ஒரு ஓடையாம்.

தை மாதம், தெமட்டகொடையில் ஒரு பதிவாளர் கந்தோரில், பதினாறு பேருக்கு முன்னால் சுபோதினியும் சாரங்கனும் கலியாணப் பதிவு எழுதினார்கள். சரோஜினிதேவி பச்சைப் பட்டுச் சேலையில் போனார். மாப்பிள்ளையின் தாய் கடைசி நேரத்தில் வந்து, கடைசி வரிசையில் இருந்து, சாப்பாட்டுக்கு நிற்காமல் போனாராம். போன வாரம் தெகிவளையிலிருந்து மருமகளுக்கு யன்னல் சீலை தைத்து அனுப்பியிருக்கிறாராம். பிள்ளைகள் இரண்டு பேரும் கொட்டாஞ்சேனையில் நாலாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். சிவானந்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்வருகிறார். சரோஜினிதேவி போவது குறைவு. இந்த வயதில் அவ்வளவு படி ஏற முழங்கால் விடாது என்று மக்கீன் நானாவிடமே சொன்னாராம்.